வெறும் கதைதானே?

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: 2 சாமுவேல் 13:1-22



இந்த மாதம் நாம் படிக்கப்போகிற காரியம் மேடையில் அதிகம் பேசப்படாத ஒன்று. குடியைப் பற்றிப் பேசுகிறோம். சினிமாவைப் பற்றிப் பேசுகிறோம். சீரியலைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துப்போயிற்று. ஆனால் கதைப் புஸ்தகத்தைப் பற்றி? அதுவும் ஆள் வரும் சத்தம் கேட்டால் தலையணைக்கு அடியில் போகிற கதைப் புஸ்தகத்தைப் பற்றி? "இதையெல்லாம் சபையில் பேசலாமா" என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு காலத்தில் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ராணி முத்து, மாலைமதி என்று ஒருவர் வாங்கினால் அது தெருவையே சுற்றி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல் வீடு திரும்பும். அவற்றில் பெரும்பாலானவை குடும்பக் கதைகள்தான். இன்றைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, கதையே செல்போனுக்குள் வந்துவிட்டது. தினம் ஒரு அத்தியாயம். மனசு துடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, "காசு கட்டினால் மீதி" என்கிறார்கள். ராஜா ராணி காலத்துக் காதல், ஆவியின் காதல், மோகினியின் காதல், இரத்தக் காட்டேரியின் காதல் என்று விதவிதமாக வருகிறது. எதைத் தொட்டாலும் சில அத்தியாயம் போவதற்குள் படுக்கையறைக் கதவு திறந்துவிடுகிறது.

கேட்டால், "வெறும் கதைதானே பாஸ்டர்? இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். திட்டி வாயை அடைக்காமல், வேதத்தைத் திறந்து பதில் தேடுவோம்.

1. கதை லேசான காரியமல்ல

முதலாவது, கதை படிப்பதே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. ஆண்டவர் உவமைகளாலே போதித்தார். தாவீது பாவஞ்செய்து, மாதக்கணக்காய் இருதயம் மரத்துப்போய் இருந்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி என்ன செய்தார்? நியாயப்பிரமாணத்தை வாசித்துக் காட்டவில்லை. ஒரு ஏழையையும் அவன் வளர்த்த ஆட்டுக்குட்டியையும் பற்றி ஒரு கதை சொன்னார். யாரோ ஒருவன் கதை என்று கேட்டுக்கொண்டிருந்த ராஜா, அது தன் கதை என்று கண்டுகொண்டான். பாருங்கள்! பிரமாணம் நுழையாத இடத்தில் கதை நுழைந்துவிட்டது.

ஆகவே "வெறும் கதை" என்று ஒன்று கிடையாது. தூங்குகிறவனை எழுப்ப அதற்குப் பலன் உண்டென்றால், விழித்திருக்கிறவனைத் தூங்கவைக்கவும் அதற்குப் பலன் உண்டு.

காதலைச் சொன்னாலே அசுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதினார். 2022-லும் 2023-லும் அது சினிமாவாக வந்தபிறகு நம் வாலிபர் பலர் புஸ்தகத்தையும் தேடிப் படித்தார்கள். வந்தியத்தேவனும் குந்தவையும் நேசிப்பது அதில் இருக்கிறது. அதைச் சொல்ல அவருக்குப் படுக்கையறை தேவைப்படவில்லை. அதற்கும் மேலே, நம் வேதத்துக்குள்ளேயே உன்னதப்பாட்டு இருக்கிறதே! புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் ரசிப்பதை வேதம் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. ஆனால் அதே புஸ்தகம், நேசத்தை அதன் வேளைக்கு முன்னே தட்டி எழுப்பாதிருங்கள் என்று மூன்று தரம் எச்சரிக்கிறது (2:7, 3:5, 8:4).

எனவே ஒரு கதையைப் பார்த்து "இதில் காதல் இருக்கிறதா?" என்று கேட்பது போதாது. "காதலைப் பற்றி இது சொல்வது நிஜமா, பொய்யா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு மூன்று பொய்களைப் பார்ப்போம்.

2. முதல் பொய்: பலவந்தம் காதலாக மாறும்

1972-ஆம் வருஷம் அமெரிக்காவில் கேத்லீன் வுடிவிஸ் என்ற பெண்மணி "தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்" என்ற சரித்திரக் காதல் நாவலை எழுதினார். படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்த இக்காலச் சரித்திரக் காதல் நாவல்களுக்கு அதுவே வழிகாட்டி என்பார்கள். கதை என்ன? ஒரு கப்பல் தலைவன், அநாதரவான ஒரு பெண்ணை வேசி என்று தப்பாய் எண்ணி பலவந்தம் பண்ணுகிறான். பிறகு அவளையே கட்டிக்கொள்கிறான். போகப்போக இருவரும் உயிருக்குயிராய் நேசிக்கிறார்கள். புஸ்தகம் இலட்சக்கணக்கில் விற்றது. அதே அச்சில் நூற்றுக்கணக்கான புஸ்தகங்கள் வந்தன.

நம் தமிழிலும் அந்த அச்சு இல்லையா? சினிமாவில் "கெடுத்தவனே கட்டிக்கட்டும்" என்று எத்தனை பஞ்சாயத்துக் காட்சி பார்த்திருக்கிறோம்! இன்றைக்குச் செல்போனில் வரும் தமிழ்க் கதைகளில் "ஆன்ட்டி ஹீரோ" என்றே ஒரு வகை இருக்கிறது. கதாநாயகன் அறைகிறான், பூட்டி வைக்கிறான், இஷ்டமில்லாதவளைத் தொடுகிறான். கடைசியில், "எல்லாம் உன் மேல இருக்கிற காதலாலதான்" என்கிறான். அவளும் உருகிப்போகிறாள்.

இப்பொழுது 2 சாமுவேல் 13-ஐ வாசியுங்கள். அம்னோனும் காதல் என்றுதான் ஆரம்பித்தான். தாமாரை நினைத்து நினைத்து மெலிந்துபோனான். தந்திரசாலியான யோனதாப் என்ற சிநேகிதன், வியாதிக்காரனைப் போல் படுத்துக்கொள் என்று ஆலோசனை கொடுத்தான். பணிவிடை செய்ய வந்தவளை அம்னோன் பிடித்தான். அவள் வேண்டாம் என்று கெஞ்சினாள், நியாயம் பேசினாள். அவன் கேட்கவில்லை. அதன்பின் நடந்தது என்ன? அவளை நேசித்ததைப் பார்க்கிலும் அதிகமாய் வெறுத்தான் என்று வேதம் சொல்லுகிறது. அன்றைக்கே வெளியே தள்ளி, வேலைக்காரனை விட்டுக் கதவைப் பூட்டச் சொன்னான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, பலவர்ண வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, அழுதுகொண்டே போனாள்.

நாவல் என்ன சொல்லுகிறது? பலவந்தம் பிற்பாடு காதலாகும் என்கிறது. வேதம் என்ன சொல்லுகிறது? பலவந்தம் அந்த நாழிகையிலேயே வெறுப்பாகும் என்கிறது. இரண்டில் எது நிஜம் என்று நம் தெருவில் நடப்பதைப் பார்த்தே நீங்கள் சொல்லுங்கள்.

இது புஸ்தகத்தோடு நிற்கிற பொய்யும் அல்ல. 2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பலாத்காரக் குற்றத்தில் தண்டனை பெற்ற ஒருவனை, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசும்படி ஜாமீனில் விட்டது. அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழும்பிற்று. ஜூலையில், வேறொரு வழக்கில், இப்படிப்பட்ட குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. உயர் நீதிமன்றமும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. படித்தவர்கள் நடுவிலும் "கட்டிவைத்தால் சரியாகிவிடும்" என்ற கதை எவ்வளவு ஆழமாய் வேர்விட்டிருக்கிறது, பார்த்தீர்களா?

பிரியமானவர்களே, நஷ்டம் இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகளை ஐம்பது படித்த ஒரு மகள் கல்யாணமாகிப் போகிறாள். முதல் மாதத்திலேயே புருஷன் கை நீட்டுகிறான். அவள் என்ன நினைப்பாள்? "இருபதாம் அத்தியாயத்துல மாறிடுவான்" என்று காத்திருப்பாள். அடியைக் காதலின் அடையாளம் என்று எண்ணப் பழகியிருக்கிறாள் அல்லவா? அதே கதையைப் படித்த வாலிபனோ, ஒரு பெண் "வேண்டாம்" என்றால் அதற்கு "வேண்டும்" என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறான். அப்படி அடிபட்ட மகள் உங்களிடம் வந்து சொன்னால், "பொறுத்துப் போம்மா" என்று மாத்திரம் அனுப்பிவிடாதிருங்கள். ஜெபியுங்கள். அவளைத் தனியே விடாதிருங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இல் சட்டம் வந்திருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. அதையும் சொல்லிக்கொடுங்கள்.

3. இரண்டாம் பொய்: சாகாத காதலன்

புளியமரத்து மோகினியைச் சொல்லி நம் பாட்டிமார் பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள். 1990-களில் டி.வி.யில் மர்மதேசம் வந்தபோதும் ஜனங்கள் பயந்துகொண்டுதான் பார்த்தார்கள். இப்பொழுது பயம் போய் மோகம் வந்துவிட்டது. பேயே காதலனாகிவிட்டது. 2005-இல் அமெரிக்காவில் "ட்வைலைட்" என்ற நாவல் வந்தது. இரத்தக் காட்டேரிக்கும் பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் காதல். அந்தக் காட்டேரி ராத்திரியில் அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து, தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கதையில் அது காதல். நிஜத்தில் ஒருவன் உங்கள் மகளை அப்படிச் செய்தால் அதற்கு என்ன பெயர்? ஒரு பெண்ணை விடாமல் பின்தொடருவதையே 2013 முதல் நம் தேசத்துச் சட்டம் தனிக் குற்றம் என்கிறது.

அந்த ட்வைலைட் கதையில் படுக்கையறை வர்ணனை இல்லை. ஆனால் அதில் மயங்கிய ஒருவர் அதே பாத்திரங்களை வைத்து ஆரம்பித்த தொடர்தான், பேர் மாறி 2011-இல் "ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே" என்ற புஸ்தகமாயிற்று. காட்டேரி போய் கோடீஸ்வரன் வந்தான். முத்தத்தோடு நின்ற கதை, கட்டிவைத்து அடிப்பதில் இன்பம் காண்கிற கதையாயிற்று. இச்சையின் சுபாவம் அதுதான். நேற்றுக் கொடுத்தது இன்றைக்குப் போதாது.

இதில் நம் வீட்டுக்கு வருகிற நஷ்டத்தைச் சொல்லுகிறேன். காட்டேரிக் காதலனுக்கு வயசாகாது. அவனுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. கூட்டுறவு சங்கத்தில் கடன் கிடையாது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்ற கவலை கிடையாது. உங்கள் புருஷனுக்கு இவையெல்லாம் உண்டு. காலில் சேற்றோடு வருகிறார், வந்ததும் "சோறு போடு" என்கிறார். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சாகாதவனையும் இந்தக் களைத்துப்போனவரையும் மனசிலே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், இவர் எப்படி ஜெயிப்பார்? தினந்தினம் தோற்றுத்தான் போவார். தான் தோற்றது அவருக்கே தெரியாது. "ஏன் இவ இப்படி ஆயிட்டா" என்று மாத்திரம் நினைப்பார். புருஷர்களே, இது உங்களுக்கும்தான். உங்கள் செல்போனில் இருக்கிற ஒருத்தியோடு ஒப்பிட்டு எத்தனை மனைவிமார் தினமும் தோற்றுப்போகிறார்கள்!

4. மூன்றாம் பொய்: இதுதான் சரித்திரம்

"நான் சரித்திரக் கதைதான் படிக்கிறேன், அறிவு வளருதே" என்பார் சிலர். வளரட்டும். ஆனால் சாண்டில்யனின் நாவல்களை எடுத்துப் பாருங்கள். 1910-இல் பிறந்து 1987-இல் மறைந்த அவர் குமுதத்தில் எழுதிய தொடர்களுக்காக ஜனங்கள் வாராவாரம் காத்திருந்தார்கள். "யவன ராணி"யில் கரிகாலன் காலத்துப் பூம்புகார் இருக்கிறது. "கடல் புறா"வில் சோழர் கப்பல்கள் இருக்கின்றன. யுத்த தந்திரம் இருக்கிறது. கூடவே ஒரு வீரனும், அவனை நேசிக்கிற இரண்டு பெண்களும், அந்தப் பெண்களின் சரீரத்தை வர்ணிக்கிற பக்கங்களும் ஏராளம் இருக்கின்றன.

நிஜச் சரித்திரம் எங்கே இருக்கிறது? நம் ஊர்ப் பெரிய கோவில் சுவரிலே இருக்கிறது. ராஜராஜ சோழன் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சாவூரில் குடியேற்றிய 400 பெண்களைப் பற்றி அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பேர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று கணக்கு இருக்கிறது. கவனியுங்கள்! ராஜாவின் கணக்குப்பிள்ளை கூட அவர்களைப் பெயர் சொல்லி எழுதினான். வந்த ஊரை விட்டுப் பிரிந்தபோது அவர்களில் எத்தனை பேர் அழுதார்களோ? "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல அவர்களுக்கு வழி இருந்ததோ? காதல் நாவல் அந்தக் கேள்வியைக் கேட்காது. அதற்குப் பெயரும் வீடும் கண்ணீரும் உள்ள மனுஷி வேண்டாம், இடுப்பும் கண்ணும் போதும். தேவசாயலாய்ச் சிருஷ்டிக்கப்பட்ட ஒருத்தியை வெறும் சரீரமாய்ப் பார்க்கப் பழக்குவதுதான் இங்கே பாவம்.

5. பின்னே ஏன் படிக்கிறார்கள்?

இதைக் கேட்காமல் பாடத்தை முடித்தால் நாம் பரிசேயர்தான். ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், காதல் நாவல் படிக்கும் குடும்பப் பெண்களிடம் பேசி 1984-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். ஏன் படிக்கிறீர்கள் என்றதற்கு, அந்தப் பெண்கள் இச்சையைப் பற்றி முதலாவது பேசவில்லை. "இது ஒன்றுதான் எனக்கென்று இருக்கிற நேரம்" என்ற கருத்தில் பேசினார்கள். நாள் முழுவதும் எல்லாரையும் கவனிக்கிற தங்களை, கவனித்துக்கொள்ள ஒருவருமில்லை. கதையிலோ கதாநாயகன் கதாநாயகியை விடாமல் கவனிக்கிறான்.

இது அமெரிக்காவில் மட்டுமா? நம் டெல்டா கிராமங்களில் புருஷன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முகம் பார்க்கிற சகோதரிகள் எத்தனை பேர்! புருஷன் பக்கத்திலேயே இருந்தும் "சாப்பிட்டியா?" என்று கேட்கப்படாதவர்கள் எத்தனை பேர்! மத்தியான வேளையில் வீடு ஓய்ந்தபின் அவள் கதையைத் திறக்கிறாள் என்றால், அங்கே ஒரு பசி இருக்கிறது. பசி பாவமல்ல. கெட்டுப்போன சோற்றால் அதை ஆற்றுவதுதான் கேடு. நல்ல சோறு போடாமல் தட்டை மட்டும் பிடுங்குகிறவன் அவளுக்கு என்ன நன்மை செய்தான்?

6. என்ன செய்ய வேண்டும்?

தடை போட்டால் தீருமா? இதற்கும் நம் தஞ்சாவூரிலேயே ஒரு சாட்சி உண்டு. 1739 முதல் 1763 வரை இங்கே ஆண்ட மராட்டிய ராஜா பிரதாபசிம்மன் அரண்மனையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர், "ராதிகா சாந்தவனம்" என்று தெலுங்கில் ஒரு சிருங்கார காவியம் பாடினார். 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை அச்சில் கொண்டுவந்தார். ஆபாசம் என்று அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்து தடை போட்டது. "ஆண் புலவர்கள் இதைவிட அதிகமாய்ப் பாடியதைப் பாடமாக வைத்திருக்கிறீர்கள், பெண் பாடினால் மட்டும் குற்றமா?" என்பது அந்த அம்மாளின் வாதம். பிரகாசம் மதராஸ் மாகாணத்தின் முதல் மந்திரியாய் இருந்த நாட்களில் தடை நீங்கிற்று. 1952-இல் புஸ்தகம் மறுபடியும் அச்சாயிற்று. அதைப் படியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு காரியத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்லுகிறோம். சட்டம் புஸ்தகத்தைப் பூட்டும், இருதயத்தைப் பூட்டாது. இன்னொன்று, மகள் கையிலிருக்கிற நாவலைக் கிழித்துப்போட்டுவிட்டு, மகன் கையிலிருக்கிற செல்போனைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிற தகப்பனுக்குப் பேச வாயில்லை.

தாவீதைப் பாருங்கள். தாமாருக்கு நடந்ததைக் கேட்டபோது மிகவும் கோபங்கொண்டான். அதோடு சரி. மகனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டுத் தேற்றினதாகவும் எழுதியில்லை. கோபம் மட்டும் பட்டு, பேசாமல் இருந்துவிட்ட தகப்பன் வீட்டில், இரண்டு வருஷம் கழித்துக் கொலை விழுந்தது.

இனி எபேசுவைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 19:19). மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். அதன் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. பவுல் வீடு வீடாய்ப் புகுந்து பெட்டியைச் சோதித்தாரா? இல்லை. அவர்களுக்குள் மெய்யானது வந்தது, பொய்யானதை அவர்களே கொண்டுவந்து போட்டார்கள். எழுப்புதல் என்றால் அதுதான்.

ஆகையால், கதை படிக்கிறவர்கள் புஸ்தகத்தை மூடினபின் தங்களைத் தாங்களே கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்விகள்:

ஒன்று: இதில் வருகிற ஆண் செய்கிறதை நிஜத்தில் ஒருவன் என் மகளுக்குச் செய்தால் நான் சும்மா இருப்பேனா?

இரண்டு: இதைப் படித்தபின் என் புருஷனிடம், என் மனைவியிடம் பேச எனக்கு ஆசை கூடுகிறதா, குறைகிறதா?

மூன்று: நேற்று போதுமாயிருந்தது இன்று போதாமல் போகிறதா?

நான்கு: இதை நான் ஏன் ஒளிக்கிறேன்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிடுங்குவதற்கு முன்னே, "என்னம்மா கதை, சொல்லு கேட்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். அவள் சொல்லட்டும். பிறகு தாமாரின் கதையை நீங்கள் சொல்லுங்கள். புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பத்து நிமிஷம் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனிலே, பணக்கணக்கைப் பேசுவதற்கு முன்னே அதைக் கேளுங்கள். அவள் அந்தக் கதைகளில் தேடிக்கொண்டிருந்தது ஒருவேளை இந்த ஒரு கேள்வியாகவே இருக்கலாம்.

தாமார் அழுதுகொண்டு போனபோது அரண்மனையில் அவளோடு உட்கார்ந்து பேச ஆளில்லாமல் போயிற்று. நம் சபையில் அப்படி ஆகாதிருப்பதாக. கர்த்தர்தாமே நம் குடும்பங்களுக்கு அந்தக் கிருபையைத் தருவாராக. ஆமென்.